நம்ம ஊர் முன்னாள் படைவீரர் சங்கம்: செயலாளர் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், பொருளாளருக்கும், வந்திருக்கும் பதினெட்டு உறுப்பினர்களுக்கும் வணக்கம். மற்றவர்களுக்குக் கண்ணமங்கலத்தில் முகூர்த்தமாம். ஒரே நாளில் இத்தனை முகூர்த்தமா என்று நான் கேட்கவில்லை.

குடியரசு நாளிலும் சுதந்திர நாளிலும் கொடியேற்றி இனிப்பு வழங்கினோம். ஜூலை 26, கார்கில் வெற்றி நாளில் மெழுகுவத்தி ஊர்வலம் போனோம். கண் சிகிச்சை முகாம் மழையால் நின்றது. டிசம்பர் 7 கொடிநாள் வசூலை அப்படியே கட்டிவிட்டோம். மாதம் ஒரு வேன், சலுகை விலையில் சாமான் கிடைக்கும் வேலூர் ராணுவ கேன்டீனுக்குப் போய் வந்தது. அன்றைக்கு மட்டும் வருகை நூற்றுக்கு நூறு.

இனி, விமானப்படையில் இருந்த நம் ஊர்க்காரர்கள் பெயரைப் பொறித்து வைத்த கல்வெட்டு. என் சொந்த ஆசைக்குச் சங்கப் பணத்தைக் கரைத்தேன் என்று டீக்கடை வரைக்கும் பேச்சு போயிருப்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

நம்ம பக்கம் பட்டாளத்துக்குப் போவது இன்று நேற்றா? வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டைப் பாருங்கள். 1914-18 போருக்கு 277 பேர் போனார்கள், 14 பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்று பொறித்திருக்கிறது. கணக்கு இருக்கிறது, ஆள் யாரென்று இல்லை. நம் சங்கச் சுவரிலாவது தரைப்படைக்காரர்கள் பெயர் இருக்கிறது. 1965, 1971 பாகிஸ்தான் போர்களின்போது விமானப்படையில் இருந்தவர்கள் பெயர் இல்லாமல் இருந்தது. கேட்டதற்கு, “நம்ம ஊர்ல எவன் பைலட்டாப் போனான்? நீங்கல்லாம் ஸ்பேனர் பிடிச்சவங்கதானே” என்றார் தரைப்படையில் சுபேதாராக இருந்த ஒருவர். உண்மைதான். எஞ்சின் ஃபிட்டர், ஆயுத ஃபிட்டர், வயர்லெஸ்காரர், லாரி டிரைவர், சமையல்காரர், இவ்வளவுதான் நம்மிடம். நானும் தாம்பரத்தில் பயிற்சி எடுத்த ஃபிட்டர்தான், மறைக்கவில்லை.

கல்வெட்டுக்காரர் எழுத்துக்கு இவ்வளவு என்று விலை சொன்னார். ‘கோ’ என்றால் கொம்பு தனி, கால் தனி என்பது அவர் கணக்கு. இலக்கணப்படி அது ஓரெழுத்து என்றேன். “உளி இலக்கணம் படிக்கல சார்” என்றார். ‘ஃபிட்டர்’ என்று வெட்டினால் முன்னால் உள்ள மூன்று புள்ளிக்கும் தனித்தனியாகக் கூலி. அதனால் ‘திரு’ போனது, ரேங்க் போனது, என்ன வேலை என்பதும் போனது. வெறும் பெயர், அகர வரிசை. சமையல்காரர் முதல் வரியிலும் ரேங்கில் மூத்த வாரண்ட் ஆபீசர் கடைசி வரியிலும் வந்தது இப்படித்தான், வேறு உள்நோக்கம் கிடையாது. வாரண்ட் ஆபீசர் வீட்டில் இன்னும் என்னோடு பேச்சுவார்த்தை இல்லை.

திறப்பு அக்டோபர் 8 அன்று. 1932-ல் விமானப்படை தொடங்கிய நாள் அது. சிறப்பு விருந்தினர் கடைசி நேரத்தில் கைவிரித்ததால் நம் மூத்த உறுப்பினரையே திரை விலக்கச் சொன்னோம். 1971 டிசம்பர் 3 மாலை பஞ்சாபில் பதான்கோட் விமானப்படைத் தளத்தில் பாகிஸ்தான் குண்டு விழுந்தபோது அங்கே ஆயுத ஃபிட்டராக இருந்தவர். ஜெட் இரைச்சலில் காது போய்விட்டது, எதையும் கத்தித்தான் கேட்க வேண்டும். ஹண்டர் போர் விமானத்தின் வயிற்றில் 30 மில்லிமீட்டர் பீரங்கி நான்கும் அவற்றுக்கான குண்டுகளும் ஒரே பெட்டியாக இருக்கும். இறங்கிய விமானத்திலிருந்து காலிப் பெட்டியை இறக்கி, நிரப்பி வைத்ததை ஏற்றி, சில நிமிடங்களில் திருப்பி அனுப்ப வேண்டும். அதைச் சொல்லும்போது அவர் கை தானாகக் காற்றில், பெட்டியைத் தூக்கும் வின்ச்சைச் சுற்றியது. “நாலு போனா நாலு வரணும். வானத்தப் பாத்து எண்ணிக்கிட்டே நிப்போம். மூணு வந்துச்சுன்னா அன்னிக்கு ராத்திரி மெஸ்ஸுல சத்தமே இருக்காது” என்றார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கல்லைப் படித்து, தன் இனிஷியல் ‘கே’ என்பது ‘கெ’ என்று விழுந்திருப்பதைக் கண்டுபிடித்தார். மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

ஒரு குறை என்மேல் உண்டு. அரக்கோணத்தில், இன்று கடற்படையின் ராஜாளித் தளம் இருக்கும் இடத்தில், இரண்டாம் உலகப்போர் சமயத்தில் ஓடுதளத்துக்குக் கல் சுமந்தாராம் ஒருவர். அவர் பெயரையும் சேர்க்கச் சொல்லிப் பேரன் வந்தார். படைப் பதிவு இல்லை என்று திருப்பி அனுப்பினேன். விதிப்படி சரிதான். ஆனால் ஸ்பேனர் பிடித்தவனுக்காகச் சண்டை போட்ட நான் கடப்பாரை பிடித்தவரைத் தள்ளிவிட்டேனே என்று ராத்திரியில் தூக்கம் கலைகிறது.

கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். வரவும் செலவும் ஏறக்குறைய சரிக்கட்டின. கல்வெட்டில் விழுந்த துண்டை ஒருவர் கைப்பணத்தில் போட்டிருக்கிறார். அவர் வீட்டம்மாவுக்கு இன்னும் தெரியாததால் பெயர் வேண்டாம் என்கிறார். ஆண்டுச் சந்தா 300 ரூபாய். பாதிப் பேர் இரண்டு வருடமாகத் தரவில்லை, வாட்ஸ்அப்பில் கைகூப்பும் படம் மட்டும் தினமும் காலையில் தவறுவதில்லை.

இடம் தந்த பேரூராட்சிக்கும், பந்தல்காரருக்கும், மைக் செட் தம்பிக்கும், தலைவர் அவர்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு வேறு யாராவது பொறுப்பேற்கட்டும், எனக்கு முழங்கால் சரியில்லை. போன வருடமும் இதையே சொன்னேன். யாரும் மறுக்கவில்லை, யாரும் முன்வரவும் இல்லை. கல்லின் அடியில் நாலு வரிக்கு இடம் விட்டிருக்கிறேன். விட்டுப்போன பெயர் இருந்தால் டிஸ்சார்ஜ் புத்தகத்தோடு வாருங்கள். அரக்கோணத்துப் பேரனையும் யாராவது பார்த்தால் வரச் சொல்லுங்கள், செயற்குழுவில் வைத்துப் பேசலாம். பொங்கல் வரை பழைய கூலிதான் என்கிறார் கல்வெட்டுக்காரர். ரசீது புத்தகம் என் பையில் இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் காபி மேசை பக்கத்தில்தான் நிற்பேன்.

இங்ஙனம்,
செயலாளர்