ஸ்டோர் ஆளுங்க எல்லாருக்கும் என் நன்றி

இன்டர்ன்ஷிப் முடிஞ்சிடுச்சு, கடைசி நாள் அவசரத்துல எல்லாருக்கும் ஒரு தேங்க்ஸ் மட்டும் சொல்லிட்டு வந்துட்டேன், அது பத்தாது, அதான் இங்க எழுதுறேன்.

சிங்கப்பூர் துவாஸ்ல இருக்குற ஸ்டோருக்கு, கம்பெனிக்குள்ள மட்டும் யூஸ் பண்ற சரக்குக் கணக்கு வெப் ஆப் ஒண்ணு செய்யணும், அதான் எனக்குக் குடுத்த வேலை. இப்ப அது ஓடுது, தினம் சரக்கு வர்றதும் போறதும் அதுலதான் பதியுறாங்க. பாராட்டு எனக்கு வந்துச்சு, ஆனா அது ஸ்டோர்ல நிக்கிறவங்களுக்குத்தான் முதல்ல சேரணும்.

புதுக்கோட்டை அண்ணே, மொத நன்றி உங்களுக்குத்தான். ஐட்டத்துக்கு ஒரு நம்பர், எடுத்தா கொறைக்கணும், வந்தா கூட்டணும், பழைய எக்செல் அப்படித்தான் இருந்துச்சு. நீங்கதான் என்ன ரேக் ரேக்கா கூட்டிட்டுப் போயி, "தம்பி, எவ்ளோ இருக்குன்னு நானே எண்ணிக்குவேன், யாரு எடுத்தா, எந்த வேலைக்கு எடுத்தான்னு சொல்லு, அதான் எனக்கு வேணும்"னு சொன்னீங்க. அந்த ஒரு பேச்சுலதான் டேட்டாபேஸ் டிசைனே முடிவாச்சு. பேங்க் பாஸ்புக் மாதிரி ஒவ்வொரு வரவும் செலவும் தனி வரி, எதையும் அழிக்க முடியாது, தப்பா பதிஞ்சா சரிக்கட்ட இன்னொரு வரி போடணும், கையிருப்புங்கறது அந்த வரிங்களோட கூட்டல் மட்டும்தான். சீலன்ட், பசை மாதிரி காலாவதி ஆகுற பொருள்ல எது சீக்கிரம் முடியுதோ அதத்தான் மொதல்ல வெளிய எடுக்கணும்னு சொல்லி, அதையும் ஆப்லயே காட்ட வெச்சதும் நீங்கதான்.

ஃபோர்க்லிஃப்ட் அங்கிள், கையுறை போட்டுக்கிட்டு எப்படி டைப் பண்றதுன்னு கேட்டீங்களே, அதனாலதான் பட்டன் எல்லாம் பெருசாச்சு, பார்கோட ஸ்கேன் பண்ணா போதும்னு ஆச்சு. ஆனா எச்டிடிபிஎஸ்ங்கற பாதுகாப்பான இணைப்பு இல்லன்னா பிரவுசர் போன் கேமராவ திறக்கவே விடாது, உள் நெட்வொர்க்கா இருந்தாலும் அப்படித்தான். ஐடி அக்கா அதுக்கு சர்டிஃபிகேட் போட்டு, என்ஜின்எக்ஸ்ங்கற வெப் சர்வர செட் பண்ணி, ஆப்ப டாக்கர்ங்கற தனிப் பெட்டிக்குள்ள வெச்சு சர்வர்ல ஓட விடுறத பக்கத்துல உக்காந்து சொல்லிக் குடுத்தாங்க. கடைசிப் பெட்டிய ரெண்டு பேரு ஒரே நேரத்துல எடுத்தா என்ன ஆகும்னு கேட்டதும் அவங்கதான், போஸ்ட்கிரஸ்ங்கற டேட்டாபேஸ்ல, ஒருத்தர் எடுத்து முடிக்கிற வரைக்கும் இன்னொருத்தர் மாத்த முடியாதபடி அந்தப் பொருளோட வரிய லாக் பண்ற விஷயத்த அன்னைக்குத்தான் நிஜமா புரிஞ்சுக்கிட்டேன். அக்கா, பேக்கப் எடுத்தா மட்டும் போதாது, அத திருப்பிப் போட்டுப் பாக்கணும்னு நீங்க சொன்னத இனி எங்க வேலை பார்த்தாலும் செய்வேன்.

சரக்கு இறங்குற கவுன்ட்டர் அக்காவுக்கும் பெரிய நன்றி. டெஸ்டிங்ல, காலையில 8 மணிக்கு முன்னாடி வந்த சரக்கெல்லாம் முந்தின நாள் தேதியில இருக்குன்னு அவங்கதான் கவனிச்சாங்க. சர்வர் யூடிசிங்கற உலகப் பொது நேரத்துல எழுதுது, சிங்கப்பூர் 1982லேர்ந்து அதுக்கு 8 மணி நேரம் முன்னாடி, காரணம் அவ்ளோதான், ஆனா அவங்க கண்ணுக்குப் படலன்னா மாசக் கணக்கே மாறிப் போயிருக்கும்.

சூப்பர்வைசர் சார், பேப்பரும் ஆப்பும் கொஞ்ச நாள் ரெண்டும் சேர்ந்து ஓடட்டும், எண்ணிப் பார்த்துட்டு மாறலாம்னு நீங்க பொறுமையா இருந்ததாலதான் ஸ்டோர் ஆளுங்க இத நம்புனாங்க. பாலிடெக்னிக் லெக்சரருக்கும் நன்றி. பாசிர் ரிஸ்லேர்ந்து துவாஸ் லிங்க் வரைக்கும், கிழக்கு மேற்கு எம்ஆர்டி ரயில் லைனோட ஒரு கோடிலேர்ந்து இன்னொரு கோடிக்குப் போகணும்னு விடியறதுக்கு முன்னாடி எழுந்து சாப்பாடு கட்டிக் குடுத்த அம்மாவுக்கும்.

எல்லாருக்கும் லிட்டில் இந்தியா தேக்காவுல பிரியாணி, என் செலவு. அண்ணே, உங்களுக்கு ஷிஃப்ட் இல்லாத ஞாயிறு எதுன்னு சொல்லுங்க, அத வெச்சு குரூப்ல தேதி போடுறேன்.