உன் எலும்புக்காகவும் ஒரு வார்த்தை

கண்ணு,

தினமும் 20 மில்லிகிராம் பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை ஆரம்பித்ததும் மூட்டுவலி பாதி குறைந்துவிட்டது என்று நேற்று போனில் சொன்னாய். கேட்டுச் சந்தோஷப்பட்டேன். அப்புறம் ராத்திரி தூக்கமே வரவில்லை.

மூட்டுவாதத்துக்காக ஆறு வருஷம் நானும் அதைத்தானே சாப்பிட்டேன்! எலும்பு தேயும் என்று அன்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. தேயும்போது வலியும் தெரியாது. தண்ணீர்க் குடத்தைத் தூக்கிய அன்று முதுகில் சுருக்கென்றது. சுளுக்கு என்று நினைத்துப் பத்து நாள் தைலம் தேய்த்தோம். எக்ஸ்ரே எடுத்தால் முதுகெலும்பில் ஒரு கட்டை நசுங்கியிருந்தது. இப்போதெல்லாம் புடவையை இடுப்பில் இன்னும் கொஞ்சம் தூக்கிச் செருகாவிட்டால் தரையில் புரள்கிறது. அவ்வளவு உயரம் குறைந்துவிட்டேன்.

எலும்பைக் கட்டும் செல்களை இந்த மருந்து முடக்கிவிடுகிறது. ஆரம்பித்த மூன்றிலிருந்து ஆறு மாதங்களுக்குள்தான் தேய்மானம் வேகமாக இருக்குமாம். அதனால் 'பிறகு பார்க்கலாம்' என்று விடாதே. சனிக்கிழமை டாக்டரைப் பார்க்கும்போது எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் பற்றி நீயே கேள். வைட்டமின் டி அளவும் பார்க்கச் சொல். எல்லாரும் வெயிலில் நில் என்பார்கள். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்கும் லூபஸ் நோய் இருக்கிற உனக்கு வெயில் ஆகாது, மாத்திரைதான் சரி. கால்சியம், சாப்பாட்டையும் சேர்த்து ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராமாவது வேண்டும். நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 350 இருக்கிறது.

எனக்கு எலும்புத் தேய்மானத்துக்கு அலெண்ட்ரோனேட் மாத்திரை 70 மில்லிகிராம், வாரம் ஒன்று. ஞாயிறு காலை வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் வெறும் தண்ணீரோடு விழுங்கிவிட்டு, அரை மணி நேரம் படுக்காமல், காபிகூடக் குடிக்காமல் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பேன். படுத்தால் உணவுக்குழாய் புண்ணாகிவிடும். உனக்கும் இந்த வகை மாத்திரை தருவதாக இருந்தால், குழந்தை பெற்றுக்கொள்ளும் எண்ணம் இருப்பதை முதலிலேயே சொல்லிவிடு. அந்த மருந்து எலும்பில் பல வருஷம் தங்கும். பல்லில் ஏதாவது வேலை பாக்கி இருந்தால் அதையும் முன்னாலேயே முடித்துக்கொள்.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். இதையெல்லாம் படித்துப் பயந்து ஸ்டீராய்டை நீயாக நிறுத்திவிடாதே. உடம்பு தானே சுரக்கும் ஸ்டீராய்டு அடங்கிப்போயிருக்கும். திடீரென்று விட்டால் உயிருக்கே ஆபத்து. டாக்டர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் குறைக்க முடியும் என்று ஒவ்வொரு தடவையும் கேள்.

ஸ்கேன் ரிப்போர்ட்டைப் படம் எடுத்து அனுப்பு. கேழ்வரகை முளைகட்டி அரைத்து வைத்திருக்கிறேன், திங்கட்கிழமை பார்சல் போடுகிறேன்.

அம்மா