சங்கங்குப்பி கேட்டேன், டுராண்டா வந்தது: எனக்கு முடிவு வேண்டும்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: யானை உருவச் செடித் தொகுப்பில் தவறான செடி அனுப்பியது குறித்து

ஐயா,

வணக்கம். இது நான் எழுதும் மூன்றாவது கடிதம். முதல் இரண்டுக்கும் "புகார் பதிவு செய்யப்பட்டது" என்று ஒரு குறுஞ்செய்தி வந்ததோடு சரி. பதினொரு முறை போன் செய்துவிட்டேன். இனி போன் செய்ய எனக்குத் தெம்பு இல்லை.

போன ஜூலையில் உங்களிடம் 4 அடி உயர யானைக் கம்பிக்கூடும், அதில் படரவிட்டு யானை உருவமாக வெட்டி வளர்க்க 12 சங்கங்குப்பிச் செடிகளும் ரூ. 9,850 கட்டி வாங்கினேன். செடிகள் பெட்டிக்குள் வாடி, பாதி இலை உதிர்ந்துதான் வந்தன. பைகளில் சங்கங்குப்பி என்று சீட்டு ஒட்டியிருந்தது. நம்பி நட்டேன்.

டிசம்பரில் கொழுந்து கிள்ளும்போது விரலில் முள் ஏறியது. சங்கங்குப்பிக்கு ஏது முள்? கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தால் இலை ஓரத்தில் பல் பல்லாக இருக்கிறது. சங்கங்குப்பி இலையின் ஓரம் வழவழவென்று இருக்கும், கசக்கினால் காட்டமாக வாடை வரும். அடுத்த வாரமே ஊதாப் பூவும் வந்துவிட்டது. சங்கங்குப்பி வெள்ளையாகப் பூக்கும், நீளக் குழாய்ப் பூ. நீங்கள் அனுப்பியது டுராண்டா. செடி விற்பதே தொழிலாக இருக்கும் உங்களுக்கு இந்த வித்தியாசம் தெரியாமல் இருக்காது.

டுராண்டா காய்த்தால் மஞ்சள் மணி மணியாகத் தொங்கும். அந்தக் காய் விஷம். என் பேத்திக்கு மூன்று வயது, கையில் கிடைத்ததை வாயில் போடுகிற வயது. இதைச் சொன்னதற்கு உங்கள் சேவை மையத்தில் ஒருவர், "பச்சையா இருந்தா போதாதாம்மா? வெட்டினா எல்லாம் யானைதான்" என்றார். பின்னால் யாரோ சிரித்த சத்தமும் கேட்டது. அந்த வார்த்தையை நான் இன்னும் மறக்கவில்லை, மறக்கவும் மாட்டேன்.

வெட்டினால் எல்லாம் யானை ஆகாது, ஐயா. என் கணவர் ரயில்வேயில் தோட்டக்காரராக 26 வருடம் இருந்தவர். யானையும் மயிலும் அவர் கையால் வளர்ந்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு காலுக்கும் மூன்று செடி நட வேண்டும். ஒரு சாண் வளர்ந்ததும் நுனி கிள்ள வேண்டும், அப்போதுதான் பக்கக் கிளை வெடிக்கும். கிளையைச் சணலால் கம்பியோடு தளர்வாகக் கட்ட வேண்டும். இறுக்கினால் கயிறு தண்டில் பதிந்துவிடும். மழைக்காலத்தில் பதினைந்து நாளுக்கு ஒரு வெட்டு. கத்தரி மழுங்கியிருந்தால் நுனி நசுங்கிப் பழுப்பாகிவிடும். எப்போதும் மேலே ஒடுக்கமாக, அடியில் அகலமாக வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் வெளிச்சம் படாமல் கால் மொட்டையாகிவிடும். கூடு நிறைய இரண்டு வருடம் ஆகும்.

எங்கள் வீடு நாகப்பட்டினத்தில், கடலுக்குப் பக்கம். உப்புக்காற்று, போர்வெல் தண்ணீரும் உப்பு. சங்கங்குப்பி கடற்கரையிலேயே வளர்கிற செடி, அதனால்தான் அதைக் கேட்டேன். உங்கள் செடிகளுக்கு இப்போதே இலை ஓரம் கருகுகிறது. ஒரு முழு ஐப்பசி, கார்த்திகை மழை வீணாகப் போய்விட்டது. என் கணவருடைய முதல் நினைவு நாளுக்குள் வாசலில் கால் வரைக்குமாவது யானை நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அது போயே போய்விட்டது. நீங்கள் ஒரு லட்சம் கொடுத்தாலும் ஈடாகாது.

அப்புறம் உங்கள் தஞ்சாவூர் கடைக்கு வந்த அந்தப் பயணம். "செடியை நேரில் கொண்டு வாங்க, உடனே மாற்றித் தருகிறோம்" என்று உங்கள் ஆள்தான் சொன்னார். ஒரு செடியை வேர் மண்ணோடு தோண்டி, சாக்கில் கட்டி, மடியில் வைத்துக்கொண்டு திருவாரூரில் பஸ் மாறிப் போனேன். வாசலில் "இன்று ஸ்டாக் எடுக்கிறோம், நாளை வாருங்கள்" என்று எழுதி ஒட்டியிருந்தது. காவலாளி மட்டும் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார், அவருக்கு என் நன்றி. எனக்கு வயது 63. திரும்பி வரும்போது அந்தச் செடியும் செத்துவிட்டது.

கம்பிக்கூடும் துருப்பிடிக்கிறது. அதை இப்போதைக்கு விடுகிறேன்.

நான் சண்டைக்கு வரவில்லை. வேர்பிடித்த, அசல் சங்கங்குப்பிச் செடி 12 அனுப்புங்கள். இந்த டுராண்டாவை உங்கள் ஆட்களே வந்து பிடுங்கிக்கொண்டு போகட்டும். போக்குவரத்துச் செலவு ரூ. 340 தாருங்கள். உங்கள் சேவை மையத்தில் அன்று அப்படிப் பேசியவர் எனக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்க வேண்டும்.

15 நாளில் இது நடக்கவில்லை என்றால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். ஐந்து லட்சம் ரூபாய்க்குள் வாங்கிய பொருளுக்குக் கட்டணமே இல்லை என்று விசாரித்து வைத்திருக்கிறேன். பில், பையில் இருந்த சீட்டு, முள், பூ எல்லாவற்றுக்கும் போட்டோ இருக்கிறது. அந்த அளவுக்குப் போகாமல் நீங்களே முடித்துத் தந்தால் மகிழ்ச்சி. தயவுசெய்து ஆடி பிறப்பதற்குள் அனுப்புங்கள், அடுத்த மழையையாவது நான் பிடிக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
நாகப்பட்டினம்