மழைப் பாடம்: பெற்றோர்களுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். ஐப்பசி பிறந்துவிட்டது. நான்காம், ஐந்தாம் வகுப்புகளில் மேகம், மழை பற்றிய பாடத்தைத் தொடங்கியிருக்கிறோம். சில வீடுகளில் பிள்ளைகள் கேள்வி கேட்டுத் துளைத்தெடுப்பதாகக் கேள்விப்பட்டேன். அவர்களுக்குப் பதில் சொல்ல உங்களுக்குக் கை கொடுக்கத்தான் இந்தக் கடிதம்.

வகுப்பில் அதிகம் வந்த கேள்வி இது: கடல் தண்ணீர்தானே மழையாகிறது, அப்புறம் மழை ஏன் கரிக்கவில்லை? தூத்துக்குடியில் இதற்குப் பதில் சொல்ல டீச்சர் தேவையில்லை. உங்களில் பலர் உப்பளத்து வேலைக்குப் போகிறவர்கள். பாத்தியில் கட்டிய தண்ணீர் வெயிலில் வற்றும்போது தண்ணீர் ஆவியாகிப் போய்விடுகிறது, உப்பு தங்கிவிடுகிறது. கடலிலும் அதேதான் நடக்கிறது. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. ஆவி அதைத் தூக்கிக்கொண்டு போவதில்லை. முடிந்தால் ஒரு விடுமுறை நாளில் பிள்ளையைப் பாத்தி ஓரம் கூட்டிப் போய்க் காட்டுங்கள். நாங்கள் கரும்பலகையில் போடும் அம்புக்குறியைவிட அது நன்றாகப் புரியும்.

அடுத்து, மேகம் என்பது ஆவி என்றே பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். நீராவி கண்ணுக்குத் தெரியாது. இட்லிச் சட்டியைத் திறந்ததும் வெள்ளையாக எழும்புகிறதே, அது ஆவி குளிர்ந்து பொடிப்பொடித் துளிகளாக மாறிய பிறகு தெரிவது. மேகமும் அப்படித்தான்: மிதக்கும் தண்ணீர்த் துளிகள். மிக உயரத்தில் இருப்பவற்றில் பனித்துகள்களும் உண்டு.

ஆவி ஏன் மேலே போய்க் குளிர வேண்டும்? சூரியனுக்குப் பக்கத்தில் போனால் சூடல்லவா ஏற வேண்டும் என்று ஒரு பையன் மடக்கினான். நல்ல கேள்வி. மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறைகிறது. ஏறும் காற்று விரிகிறது, விரியும் காற்று குளிர்கிறது. ஒரு கிலோமீட்டர் ஏறினால் ஏறத்தாழ 10 டிகிரி இறங்கிவிடும். சைக்கிள் டியூபில் காற்றைப் பிடுங்கிவிடும்போது வால்வுக்கு நேரே விரலை வைக்கச் சொல்லுங்கள். சில்லென்று இருக்கும்.

குளிர்ந்தால் மட்டும் போதாது. துளி ஒட்டிக்கொள்ள ஏதாவது ஒரு துகள் வேண்டும்: தூசி, புகை, அலை உடையும்போது காற்றில் தெறிக்கும் உப்பு. கரிக்காத மழைத்துளிக்குள்ளும் கண்ணுக்கும் நாக்குக்கும் எட்டாத ஒரு உப்புத் துணுக்கு இருக்கலாம் என்றதும் வகுப்பே அமைதியாகிவிட்டது. இதை வீட்டிலும் செய்து பார்க்கலாம், ஆனால் பெரியவர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். கண்ணாடி ஜாடியில் கொஞ்சம் வெந்நீர் ஊற்றி, மேலே ஐஸ்கட்டி வைத்த தட்டால் மூடுங்கள். பெரிதாக ஒன்றும் தெரியாது. தட்டை லேசாகத் தூக்கி, அணைத்த தீக்குச்சியின் புகையை உள்ளே விட்டு மறுபடி மூடுங்கள். உள்ளே வெள்ளையாகச் சுருண்டு திரளும். தட்டை எடுத்தால் வெளியே வழிந்து வரும்.

ஒரு மேகத்துளியின் குறுக்களவு ஏறத்தாழ 0.02 மில்லிமீட்டர். அவ்வளவு சின்னதாக இருப்பதால் மேலெழும் காற்றே அதைத் தாங்கிக்கொள்கிறது. துளிகள் ஒன்றோடொன்று மோதிச் சேர்ந்து, ஏறக்குறைய பத்து லட்சம் துளிகள் கூடினால்தான் நாம் பார்க்கும் ஒரு மழைத்துளி. மேகம் கறுப்பாகத் தெரிவது அழுக்கால் அல்ல. அது அவ்வளவு தடிமனாக இருப்பதால் வெயில் அடிப்பக்கம் வரை வந்து சேர்வதில்லை.

ஆனி, ஆடியில் குற்றாலத்தில் சாரல் அடிக்க, நமக்கு மட்டும் ஏன் புழுதிக்காற்று என்பதற்கும் பதில் இதிலேயே இருக்கிறது. தென்மேற்குக் காற்று மலையேறும்போது குளிர்ந்து அங்கேயே கொட்டிவிடுகிறது. மலையிறங்கி நம் பக்கம் வரும்போது சூடேறி வறண்டுபோகிறது. வடகிழக்குக் காற்றோ வங்கக் கடலைத் தாண்டி ஈரத்தோடு வருகிறது. நம் மழைக்காலம் ஐப்பசி, கார்த்திகைதான். அளத்தில் அம்பாரங்களைத் தார்ப்பாய் போட்டு மூடும் காலமும் அதுவே.

செய்தியில் சொல்லும் 'சென்டிமீட்டர்' கணக்கைப் பிள்ளைகளே அளந்து பார்க்கட்டும் என்று முடிவு செய்திருக்கிறோம். ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு லிட்டர் தண்ணீர். 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் பதிவானது. ஒரு சதுர மீட்டருக்கு 950 லிட்டர்! அந்த வெள்ளத்தை நேரில் பார்த்த பிள்ளைகள் இங்கே இருக்கிறார்கள். யாராவது அதைப் பற்றிப் பேசத் தொடங்கினால், பாடத்தை நிறுத்திவிட்டுக் கேட்கும்படி ஆசிரியர்களிடம் சொல்லியிருக்கிறேன். வீட்டிலும் அப்படியே செய்யுங்கள்.

இனி உங்களிடம் வேண்டுவது. திங்கட்கிழமை ஒவ்வொரு பிள்ளையும் அடியும் வாயும் ஒரே அகலமுள்ள, நேரான பிளாஸ்டிக் டப்பா ஒன்று கொண்டுவர வேண்டும். பழையதே போதும், கடையில் வாங்க வேண்டாம். மரமோ கூரையோ மறைக்காத இடத்தில் வைத்து, வானிலைத் துறை அளக்கும் அதே காலை 8.30 மணிக்குப் பள்ளியில் அளப்போம். வீட்டில் அளக்க விரும்பினால் சரி, ஆனால் இடி முழங்கும்போது யாரும் வெளியே போகக் கூடாது; மழை விட்ட பிறகு அளந்தாலும் அளவு மாறிவிடாது. அளந்ததும் தண்ணீரைக் கொட்டிவிடச் சொல்லுங்கள், கொசு முட்டையிடும்.

மாவட்ட ஆட்சியர் விடுமுறை அறிவிக்கும் நாட்களில் வகுப்புக் குழுவில் செய்தி வரும். செய்தி வராவிட்டால் பள்ளி உண்டு.

அன்புடன்,
தலைமையாசிரியர்