பால் பவுடரும் என் தாத்தாவும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழில் மதமாற்றம் பற்றி வந்த கட்டுரையில், 'கோதுமைக்கும் பால் பவுடருக்கும் மதம் மாறிய அப்பாவிகள்' என்று போகிற போக்கில் ஒரு வரி. மீதியை நான் இன்னும் படிக்கவில்லை, அந்த வரியைத் தாண்ட முடியவில்லை.

அந்த அப்பாவிகளில் ஒருவர் என் தாத்தா. தாமிரபரணிக் கரையில் சின்ன கிராமம். தேர் ஓடுகிற தெருவில் எங்கள் ஆட்கள் நடக்கக்கூடாது, வாத்தியார் எங்கள் பிள்ளைகளைத் திண்ணையில் ஏற்ற மாட்டார். கிறிஸ்தவ உபதேசியார் ஒருவர் வந்து தாத்தாவைத் தன் பாயிலேயே பக்கத்தில் உட்காரவைத்து 'அ' போடச் சொல்லிக்கொடுத்தார். கிடைத்தது அவ்வளவுதான். அவர் ஞானஸ்நானம் எடுத்தபோது ஊருக்குள் பால் பவுடர் டப்பாவே வந்திருக்கவில்லை. அப்புறம் 1950இல் வந்த ஆணைப்படி பட்டியல் சாதியில், அதற்கான சலுகைகளில், கிறிஸ்தவரான எங்களுக்கு இடமில்லை. சீக்கியருக்கு 1956இல் திருத்தினார்கள், பௌத்தருக்கு 1990இல். எங்களுக்கு இன்றுவரை இல்லை, உங்களுக்குத் தெரியாததா? இத்தனையும் விட்டுவிட்டுக் கோதுமை வாங்கினவர் நல்ல வியாபாரிதான் போங்கள்.

சரி, மாற்றுகிறவன் ஏன் மாற்றுகிறான்? அதை என்னிடம் கேட்டிருக்கலாம். பதினேழு வயதில் பஸ் ஸ்டாண்டில் நின்று இயேசுவைப் பற்றி அச்சடித்த கைப்பிரதி கொடுத்தவன் நான். ஒரு பைசா வாங்கியதில்லை. கூடப் படித்த சிநேகிதன் அக்கினிக்கடலில் வேகப் போகிறானே என்று நிஜமாகவே நம்பி, ராத்திரி தூக்கமில்லாமல், கடைசியில் அவன் வீட்டுக்கே போய் நீட்டினேன். அவன் அம்மா வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "சரிய்யா, சாப்பிட்டியா?" என்று கேட்டு, அந்தக் காகிதத்திலேயே இரண்டு அதிரசத்தை வைத்து என் கையில் கொடுத்தார். இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. ஆஸ்பத்திரிக் கட்டிலைச் சுற்றி நின்று ஜெபிக்க வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கும் எரிச்சல் வரத்தான் செய்கிறது. ஆனால் கூலிக்கு மாரடித்தேன் என்று மட்டும் சொல்லாதீர்கள். சூலை நோயோடு வந்த தம்பி அப்பருக்குத் திருநீறு கொடுத்துச் சமணத்திலிருந்து திருப்பிக் கூட்டிவந்தாரே திலகவதியார், அவர் எத்தனை மூட்டை வாங்கினார்?

எங்கள் ஆட்களையும் விட மாட்டேன். 'சகல ஜாதிகளையும் சீஷராக்கி' என்ற வசனத்தை மைக்கில் முழங்குவார்கள், கல்லறைத் தோட்டத்தில் தாத்தாவுக்குக் கொடுத்தது கடைசி மூலை, அதுவும் வேலிக்கு அந்தப் பக்கம். இதைப் பற்றி இரண்டு வருஷம் முன்னால் உங்களுக்கு எழுதினேன், போடவில்லை. டிசம்பர் வந்தால் கேக் செய்முறை மட்டும் தவறாமல் போடுகிறீர்கள், அதுவும் முட்டை இல்லாமல்.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த இதழில் அந்த ஒரு வரிக்கு வருத்தம் தெரிவித்துவிடுங்கள். இடம் பற்றாவிட்டால் கேக்கைக் குறைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
முப்பது வருஷச் சந்தாதாரர்,
திருநெல்வேலி