கப்பலுக்கு முன் இரண்டு இரவு, கப்பலுக்குப் பின் மூன்று இரவு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம். ஜூன் மாதம் ஹவாய்த் தீவுகளைச் சுற்றிவரும் கப்பலில் உங்கள் நால்வருக்கும் இடம் கிடைத்துவிட்டது என்றும், ஹொனலுலுவில் கப்பல் ஏறுவதற்கு முன்பும் இறங்கிய பின்பும் எந்தக் கடற்கரை விடுதியில் தங்குவது என்பதில்தான் உனக்கும் மாப்பிள்ளைக்கும் ஒரு முடிவு எட்டவில்லை என்றும் எழுதியிருந்தாய். நீ அனுப்பிய பட்டியலை நாங்கள் இரண்டு நாள் வைத்துப் பார்த்தோம். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும் என்பதால் எழுதுகிறேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் நாங்கள் அதே கப்பலில் போனபோது, எந்தத் தளத்தில் அறை, எந்தப் பக்கம் பால்கனி என்று மாதக்கணக்கில் விசாரித்துவிட்டு, விடுதிகளை மட்டும் ஒரே மாலைப்பொழுதில் அவசரமாகப் பதிவுசெய்தோம். கப்பலுக்கு முன்னால் தங்கிய இடத்துக்குத் தாராளமாகக் கொடுத்தோம். பின்னால் தங்கிய இடத்தில் கையை இறுக்கிப் பிடித்தோம். அது தலைகீழாக இருந்திருக்க வேண்டும் என்பது ஊர் திரும்பிய பிறகுதான் புரிந்தது.

முதலில் நாள் கணக்கு. உங்கள் கப்பலான பிரைட் ஆஃப் அமெரிக்கா சனிக்கிழமை மாலை 7 மணிக்கு ஹொனலுலுவை விட்டுக் கிளம்பி, அடுத்த சனிக்கிழமை காலை 7 மணிக்கு அங்கேயே திரும்பி வரும். வெளிநாட்டுக் கொடியுள்ள கப்பல்கள் அமெரிக்கத் துறைமுகங்களுக்குள் மட்டும் பயணிகளை ஏற்றி இறக்கக் கூடாது என்று 1886-ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டம் வந்துவிட்டதால், அமெரிக்கக் கொடியோடு ஓடும் இந்த ஒரு பெரிய கப்பல்தான் வாரந்தோறும் தீவுகளுக்குள்ளேயே சுற்றுகிறது. தவறவிட்டால் மறுநாள் வேறொன்றில் ஏறிக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. வெள்ளிக்கிழமை இரவு வந்து இறங்கினால் போதும் என்று மாப்பிள்ளை நினைப்பது விடுப்புக் கணக்குக்குச் சரியாக இருக்கலாம். ஒரு விமானம் தாமதமானால் அந்தக் கணக்கு தாங்காது. வியாழக்கிழமையே வந்துவிடுங்கள். எங்கள் பெட்டிகளில் ஒன்று எங்களுக்கு ஒரு நாள் பின்னால்தான் வந்து சேர்ந்தது. நாங்கள் முன்னதாகப் போயிருந்ததால்தான் அப்பாவின் மருந்துகள் அவரோடு கப்பல் ஏறின.

அந்த இரண்டு இரவுக்கு ஹொனலுலுவின் கடற்கரைப் பகுதியான வைகிகியை விட்டு வேறெங்கும் போக வேண்டாம். துறைமுகம் விமான நிலையத்துக்கும் வைகிகிக்கும் நடுவில் இருக்கிறது. வைகிகியில் அறையைக் காலிசெய்துவிட்டு, சில மைல் தூரம் காரில் போனால் கப்பலடியில் இறங்கிவிடலாம். ஆனால் வைகிகி என்று ஒரே பெயரில் சொன்னாலும், அந்த இரண்டு மைல் கரை எல்லா இடத்திலும் ஒன்றுபோல இல்லை. நீ முதலாவதாகக் குறித்திருந்த விடுதியின் பக்கம், அதாவது கிரேஸ் கடற்கரையை ஒட்டிய பகுதியில், மணல் மிகக் குறைவு. நீர் ஏறும் நேரத்தில் கடல் சுவரிலேயே வந்து மோதும். சிறுவனை வைத்துக்கொண்டு உட்கார அங்கே இடமில்லை.

அதற்குப் பதிலாக, 1901-இல் திறந்த பழைய மோவானா விடுதியைத் தாண்டி டைமண்ட் ஹெட் மலையை நோக்கி நடந்தால், கலாகவா அவென்யூவின் கடல் பக்கத்தில் விடுதிக் கட்டடமே இல்லாத ஒரு நீண்ட பகுதி வரும். அதுதான் கூஹியோ கடற்கரை. விடுதிகள் எல்லாம் சாலைக்கு இந்தப் பக்கம். அந்தப் பக்கம் மணலும் கடலும்தான். நடுவே சாலை போவதால் மணலிலேயே நிற்கும் விடுதிகளின் விலையை இவற்றுக்கு யாரும் கேட்பதில்லை. ஆனால் மறைக்க ஒன்றும் இல்லாததால் மேல்தளத்துக் கடல் பார்த்த அறைகளிலிருந்து கடல் முழுதாகத் தெரியும். கூஹியோவில் கான்கிரீட் சுவர் எழுப்பிக் கடலை ஒரு குளம்போலத் தடுத்து வைத்திருக்கிறார்கள். தெற்கிலிருந்து வரும் அலைகள் கோடையில்தான் வைகிகியில் உயரும் என்பதால், ஆறு வயதுப் பேரனுக்கு அந்தத் தடுப்பு அவசியம். சுவரின் மேல் மட்டும் ஏற விடாதே. பாசி பிடித்து வழுக்கும்.

அறைகளின் பெயரில் ஏமாந்துவிடாதே. ஓஷன் ஃபிரண்ட் என்றால் கடல் நேர் எதிரே இருக்கும். ஓஷன் வியூ என்றால் பெரும்பாலும் பக்கவாட்டில் தெரியும். பார்ஷியல் ஓஷன் வியூ என்று மூன்றாவது ஒன்று இருக்கிறது, எங்களுக்கு வாய்த்தது அது. அங்கே லனாய் என்று சொல்லும் பால்கனியின் வலது மூலைக்குப் போய், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கழுத்தைத் திருப்பினால், இரண்டு கட்டடங்களுக்கு நடுவே புடவைக் கரை அகலத்துக்கு நீலமாக ஏதோ தெரிந்தது. அதற்காக ஓர் இரவுக்கு 60 டாலர் கூடுதலாகக் கொடுத்திருந்தோம். கடல் தெரிய வேண்டுமென்றால் முழுதாகத் தெரியும் அறையை எடு. இல்லையென்றால் மலையோ நகரமோ பார்த்த அறையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிப் போய்க் கடலைப் பார். அரைகுறைக்குப் பணம் கொடுக்காதே. அதிலும் இந்த இரண்டு நாளில் நீங்கள் அறையில் விழித்திருக்கப்போகும் நேரம் மிகக் குறைவு.

அமெரிக்கக் கிழக்குக் கரையில் இருக்கும் உங்கள் கடிகாரத்துக்கும் ஹவாய்க் கடிகாரத்துக்கும் கோடையில் 6 மணி நேர வித்தியாசம். முதல் நாள் அதிகாலை 3 மணிக்கே பேரன் எழுந்து உட்காருவான். அவனுக்கு அது காலை 9 மணி. கடற்கரைக்கு எதிரிலேயே விடுதி இருப்பதன் அருமை அப்போது தெரியும். ஒருவர் சம்பந்தியம்மாவோடு அறையில் இருக்க, மற்றவர் அவனைக் கூட்டிக்கொண்டு ஐந்தரை மணிக்குச் சாலையைக் கடந்தால் போதும். டைமண்ட் ஹெட்டின் கரிய விளிம்புக்குப் பின்னால் வானம் மெல்லச் சிவக்கும். அலைப்பலகையை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஒருவர் இருவர் பேச்சில்லாமல் தண்ணீரில் இறங்குவார்கள். அப்பா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஈர மணலில் நடந்தது என் கண்ணுக்குள் நிற்கிறது. வெள்ளிக்கிழமை இரவு ஹில்டன் விடுதிப் பக்கத்தில் வாணவேடிக்கை உண்டு என்று யாராவது சொல்வார்கள். அது நடக்கும் நேரத்தில் பேரனின் உடம்புக்கு நள்ளிரவு தாண்டி 2 மணி ஆகியிருக்கும். அதற்காக அந்தப் பக்கத்தில் அறை தேட வேண்டாம்.

விலையை ஒப்பிடும்போது, அறை வாடகைக்கு மேல் விடுதி கட்டாயமாக வாங்கும் ரிசார்ட் கட்டணத்தையும் வரியையும் சேர்த்தே பார். ரிசார்ட் கட்டணம் ஒரு நாளுக்கு 40, 50 டாலர், சில இடங்களில் அதற்கு மேலும் போகும். 2025 மே முதல் அதைச் சேர்த்த விலையைத்தான் முதலிலேயே காட்ட வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. ஆனாலும் ஏறத்தாழ 19 விழுக்காட்டு வரி கடைசியில்தான் கண்ணில் படும். வைகிகியில் இருக்கும்போது கார் எடுக்காதே. நிறுத்துவதற்கே தனியாக அழ வேண்டும். இன்னொன்று, ஹவாயில் கடற்கரை முழுவதும் பொதுமக்களுக்கு உரியது. எவ்வளவு பெரிய விடுதியாக இருந்தாலும் நீ விலை கொடுப்பது கட்டிலுக்கும் கூரைக்கும் தூரக் குறைவுக்கும்தான்.

இனிக் கப்பலுக்குப் பின் தங்கும் மூன்று இரவு. தாராளமாகச் செலவு செய்ய வேண்டியது இங்கேதான். கப்பலில் ஏழு நாளும் கடலின் மேலேயே இருப்பீர்கள், ஆனால் கடலில் கால் நனைப்பது அபூர்வம். மாவியில் கப்பல் நிற்கும் கஹுலுயி ஒரு சரக்குத் துறைமுகம்; நல்ல கடற்கரைகள் தீவின் மறுபக்கத்தில் இருக்கின்றன. ஹீலோவில் மழையும் எரிமலைப் பாறையும். கோனாவில் சிறு படகில் மாறித்தான் கரைக்குப் போக வேண்டும். கவாயியில் நவிலிவிலித் துறையிலிருந்து நடக்கும் தூரத்தில் கலாபாகி கடற்கரை இருப்பது ஒன்றுதான் விதிவிலக்கு. எல்லா இடத்திலும் கப்பலுக்குத் திரும்ப வேண்டிய நேரத்தை மனம் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கும். அதோடு, ஹொனலுலு இருக்கும் ஓவாஹூ தீவிலிருந்து கப்பல் புறப்படுகிறதே தவிர, அந்தத் தீவை உங்களுக்குக் காட்டுவதில்லை.

நாங்கள் இறங்கிய பிறகு, வைகிகியின் பின்புறம் ஓடும் ஆலா வாய் கால்வாய்ப் பக்கத்தில், விலை மலிவு என்று ஓர் இடத்தை எடுத்தோம். கடலுக்குப் பத்துப் பதினைந்து நிமிட நடைதான். ஆனால் துண்டும் தண்ணீரும் தூக்கிக்கொண்டு போய், நனைந்த உடம்போடு வெயிலில் நின்று சிக்னலுக்குக் காத்திருந்து திரும்பிய பிறகு, மறுபடி கிளம்ப அப்பாவின் முழங்கால் ஒத்துழைக்கவில்லை. மூன்று நாளில் இரண்டே முறைதான் கடலுக்குப் போனோம்.

நீங்கள் அதே ஓவாஹூவின் மேற்குக் கரையில் இருக்கும் கோ ஒலீனாவுக்குப் போங்கள். விமான நிலையத்திலிருந்து 17 மைல் அளவில் இருக்கும். அங்கே கரையைக் குடைந்து, கடல்நீர் வந்து நிற்கும் நான்கு குளங்கள் அமைத்திருக்கிறார்கள். அவை கடலோடு சேரும் இடத்தில் பாறைத் தடுப்பு இருப்பதால் அலை உள்ளே தணிந்துதான் வரும், மேற்கு பார்த்த கரை என்பதால் சூரியன் கடலிலேயே இறங்கும். கரை நெடுகச் சமதளமான நடைபாதை இருக்கிறது. சம்பந்தியம்மா தடுமாறாமல் நடக்கலாம். 2011-இல் திறந்த டிஸ்னியின் அவுலானி விடுதியைப் பேரன் கேட்டால் மறுப்பது கடினம்தான், ஆனால் என் மனம் மேரியட்டின் பீச் கிளப் விடுதியின் பக்கம் சாய்கிறது. இரண்டு படுக்கையறை, சமையலறை, துணி துவைக்கும் எந்திரம் எல்லாம் ஒரே கதவுக்குள் இருக்கும் வில்லா அங்கே கிடைக்கும். ஒரு வாரத்து அழுக்குத் துணியோடும் ஒரு வாரம் சின்ன அறையில் அடைந்து கிடந்த அலுப்போடும் இறங்குகிறவர்களுக்கு அது பெரிய ஆறுதல். பேரன் தூங்கிய பிறகு நீங்கள் மூவரும் முன்னறையில் விளக்கைப் போட்டுக்கொண்டு பேசலாம்.

கப்பலை விட்டுக் காலை 9 மணிக்குள் வெளியே வந்துவிடுவீர்கள். அறை கையில் கிடைக்க மாலை 4 மணி ஆகலாம். அதனால் குளிக்கும் உடைகளையும் மருந்துகளையும் ஒரு சின்னப் பையில் தனியாக வைத்துக்கொண்டு, பெட்டிகளை விடுதியில் ஒப்படைத்துவிட்டு நேரே தண்ணீரில் இறங்குங்கள். கடைசி நாளும் இதே சிக்கல்தான்: கிழக்கே போகும் விமானங்கள் பெரும்பாலும் மாலையிலோ இரவிலோ கிளம்பும், அறையை முற்பகலிலேயே விட வேண்டும். அறையை விட்ட பிறகு குளித்து உடை மாற்ற இடம் தருவீர்களா என்று முன்பே கேட்டு வை. உப்பு உடம்போடு இரவு முழுக்கப் பறப்பது கொடுமை.

வைகிகிப் பக்கம் ஒரு கவனம். பௌர்ணமி கழிந்து 8 முதல் 10 நாள் வரை பெட்டி ஜெல்லி மீன்கள் கரையோரம் கூட்டமாக வரும். கொட்டினால் தாங்க முடியாத எரிச்சல். தேய்பிறை அஷ்டமி, நவமி, தசமி என்று சம்பந்தியம்மாவிடம் சொல்லி உங்கள் தேதிகளோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்; ஒரு நொடியில் சொல்லிவிடுவார். கப்பல் தேதியை மாற்ற முடியாது, அந்த நாட்களில் பேரனை விடுதியின் நீச்சல் குளத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

அவரிடம் இன்னொன்றும் கேட்டு எழுது. பல விடுதிகளில் குளிக்கும் தொட்டியின் விளிம்பு முழங்கால் உயரம் இருக்கும். அதைத் தாண்டிக் கால் வைக்க அவரால் முடியுமா? முடிவுசெய்த பிறகு கேட்டால் "எனக்கு எதுவானாலும் பரவாயில்லை" என்றுதான் சொல்வார், அதனால் முன்பே கேள். முடியாதென்றால் தொட்டி இல்லாத, தரையோடு இருக்கும் ஷவர் அறைதான் வேண்டும் என்று இரண்டு விடுதிக்கும் எழுதி, அவர்கள் அனுப்பும் பதிலை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்.

அன்புடன்,
அம்மா