சாவி கைக்கு வந்த பிறகு கமிஷன்

மடிப்பாக்கம், சென்னை
ஆனி 20

அன்புள்ள கோமதி,

உன் கடிதம் கிடைத்தது. தம்பிக்குச் சோழிங்கநல்லூரில் வேலை கிடைத்ததில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். தரகர் ஒருவர் தினம் நாலு வீட்டுப் போட்டோ அனுப்புகிறார், யாரிடம் எப்போது பணம் கொடுப்பது என்றே புரியவில்லை என்று எழுதியிருந்தாய். என் மூட்டுவலிப் புராணத்தை அடுத்த கடிதத்துக்கு வைத்துக்கொண்டு நேரே அதற்கே வருகிறேன்.

தரகர் உங்களிடம் ஒரு மாத வாடகையைக் கமிஷனாக வாங்குவார். பல இடங்களில் வீட்டுக்காரரிடமும் வாங்குவார். நீங்கள் ஒரு வருஷமோ இரண்டோ இருந்துவிட்டுப் போய்விடுவீர்கள். அதே வீட்டை அடுத்த பார்ட்டிக்குக் காட்ட அவருக்கு வீட்டுக்காரர் தயவு வேண்டும். அதனால் பேரத்தில் அவர் எந்தப் பக்கம் சாய்வார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. குறையாகச் சொல்லவில்லை, அவர் பிழைப்பு அப்படி. ‘ரெரா பதிவு இருக்கு’ என்று நம்பர் காட்டினாலும் அசந்துவிடாதே. ரெரா என்பது வீடு, மனை விற்பனைக்கான ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம். வாடகைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

வீடு பார்க்கக் கிளம்பும் முன்பே நாலு கேள்விக்கு வாட்ஸ்அப்பில் எழுத்தாகப் பதில் வாங்கிவிடு. கமிஷன் மொத்தம் எவ்வளவு? நடுவில் இன்னொரு தரகர் இருந்தால் அவர் பங்கும் அதில் அடக்கமா? வீடு காட்டுவதற்குத் தனியாகப் பணம் உண்டா? பதினோரு மாதம் கழித்துப் புதுப்பிக்கும்போது மறுபடியும் கேட்பீர்களா? கடைசிக் கேள்வியைக் கேட்காமல் விட்டவர்கள்தான் அடுத்த வருஷம் சண்டை போடுகிறார்கள்.

கையில் எவ்வளவு வேண்டும் என்றால், 20,000 ரூபாய் வாடகைக்கு ஐந்து மாத அட்வான்ஸ் 1,00,000, கமிஷன் 20,000, முதல் மாத வாடகை 20,000. பராமரிப்பு 2,500 என்று வைத்தால் 1,42,500. சாமான் ஏற்றும் வண்டி தனி. தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம், 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது, மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்கிறது. ஆனால் ‘இரு தரப்பும் வேறு விதமாக ஒப்புக்கொண்டால் தவிர’ என்று ஒரு வால் இருக்கிறது. அந்த வாலைப் பிடித்துக்கொண்டுதான் ஐந்து, ஆறு என்று கேட்கிறார்கள். மூன்றில் ஆரம்பித்துப் பேசு.

வீடு பிடித்ததும் தரகர் சொல்லும் முதல் வசனம் ‘வேற பார்ட்டி ரெடியா இருக்காங்க, இன்னிக்கே டோக்கன் போட்டுடுங்க’ என்பதாக இருக்கும். டோக்கன் கொடுக்கலாம், ஐயாயிரத்துக்கு மேல் வேண்டாம். அதையும் தரகர் கையில் கொடுக்காமல் வீட்டுக்காரரின் வங்கிக் கணக்குக்கே அனுப்பச் சொல். அதற்கு முன் சொத்து வரி ரசீது, மின் இணைப்பு, ஆதார் மூன்றிலும் ஒரே பெயரா என்று பார்க்க வேண்டும். ‘ஓனர் அமெரிக்காவில, நான்தான் எல்லாம் பாத்துக்கிறேன்’ என்று ஒருவர் வந்தால் பவர் பத்திரத்தைக் காட்டச் சொல். ஓனரிடம் வீடியோ காலிலும் பேசிவிடுங்கள். வருமான வரியில் தம்பி வாடகைப்படிக்குக் கழிவு கேட்பதாக இருந்தால், ஆண்டு வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டும்போது வீட்டுக்காரரின் பான் எண் வேண்டும். தர மாட்டேன் என்பவர்கள் உண்டு. டோக்கனுக்கு முன்பே கேட்டுவிடுவது நல்லது.

வாடகையே வேண்டாம், எட்டு லட்சம் கொடுத்தால் இரண்டு வருஷம் இருந்துவிட்டு முழுப் பணத்தையும் வாங்கிக்கொள்ளலாம் என்று லீஸ் பேச்சும் வந்ததாக எழுதியிருக்கிறாய். வேண்டாம் கோமதி. நடு ஆள் ஒருவர் வீட்டுக்காரரிடம் மாத வாடகைக்கு எடுத்து, உங்களிடம் லீஸுக்கு விடுவார். சில மாதம் வாடகை கட்டிவிட்டு ஆள் மறைந்துவிடுவார். வாடகை எங்கே என்று வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டும்போதுதான் விஷயமே தெரியும். நிஜமான வீட்டுக்காரரே என்றாலும், வீட்டின் மேல் வங்கிக் கடன் நிலுவை இருந்து ஜப்திக்கு வந்தால் உங்கள் எட்டு லட்சத்துக்காக அலைய வேண்டியதுதான். பிடிவாதமாக லீஸ்தான் என்றால், பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் பார்க்காமல், பத்திரம் பதிவு செய்யாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்கக் கூடாது.

வீட்டைப் பகலில் ஒரு முறை, மாலை ஏழு மணிக்கு ஒரு முறை பார்க்கச் சொல். குளியலறைக் குழாயின் அடியைத் தடவிப் பார்த்தால் வெள்ளையாகப் பொருக்குத் தட்டும். போர் தண்ணீரில் எவ்வளவு உப்பு என்று அதுவே சொல்லிவிடும். ஹீட்டர் காயில், வாஷிங் மெஷின் இரண்டும் அதில்தான் கெட்டுப்போகும். ஓ.எம்.ஆர். என்கிற பழைய மகாபலிபுரம் சாலை ஓரம் பல குடியிருப்புகளில் லாரித் தண்ணீர்தான். கோடையில் அந்தச் செலவு பராமரிப்புக்குள் அடக்கமா, தனியாகப் பிரிப்பார்களா என்று வாட்ச்மேனிடம் கேள், தரகரிடம் கேட்காதே. தரைத்தளம் என்றால் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் தண்ணீர் எதுவரை வந்தது என்று எதிர் வீட்டில் விசாரிக்கணும். பள்ளிக்கரணை சதுப்பு நிலம் பக்கம்தானே! சுவரில் கீழே இரண்டடிக்கு மட்டும் புது பெயிண்ட் அடித்திருந்தால் கேட்காமலே புரிந்துகொள்ளலாம்.

மின்சாரத்துக்குத் தனி இணைப்பு எண் இருக்கிறதா என்று பார். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். யூனிட் ஏற ஏறக் கட்டணமும் ஏறும். ஒரே இணைப்பில் மூன்று போர்ஷனுக்கு சப்-மீட்டர் வைத்து, யூனிட்டுக்கு எட்டோ பத்தோ வாங்குகிற வீட்டில் உங்களுக்கு அந்தச் சலுகை எதுவும் வந்து சேராது.

ஒப்பந்தம் தரகர் கொண்டுவரும் ஒரே அச்சுதான், பெயரும் தொகையும் மட்டும் மாறும். கையெழுத்துக்கு முதல் நாளே வாங்கிப் படிக்க வேண்டும். காலி செய்யும்போது பெயிண்டிங்குக்கு ஒரு மாத வாடகை பிடித்தம் என்று இருக்கும். ‘உண்மையில் ஆன செலவு மட்டும், ரசீதுடன்’ என்று மாற்றக் கேளுங்கள். நோட்டீஸ் இரு தரப்புக்கும் ஒரே அளவா? பதினோரு மாதம் கழித்து ஏற்றம் ஐந்து சதவீதமா பத்தா? அட்வான்ஸை ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும் என்பது சட்டத்திலேயே இருக்கிறது. ஒப்பந்தத்திலும் எழுதிவிட்டால் ஞாபகப்படுத்த வசதி. ஒப்பந்தத்தை இந்தச் சட்டப்படி உள்ள வாடகை அதிகார அமைப்பிடம் அரசின் இணையதளம் வழியாகவே பதியலாம். ‘பதினோரு மாதம்தானே, பதிய வேண்டாம்’ என்று தரகர் சொல்வது பழைய கணக்கு. பதிவுச் சட்டப்படி ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகைக்குத்தான் பதிவு கட்டாயம் என்பதால் வந்த பழக்கம் அது. இந்த வாடகைச் சட்டம் வேறு. பதினோரு மாதமானாலும் பதிய வேண்டும்.

சாவி வாங்கும் அன்று மீட்டர் ரீடிங்கைப் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பச் சொல். ஃபேன், கீசர், குழாய், சுவர் விரிசல் எல்லாம் அதே செய்தியில் போகட்டும். கமிஷன் அதற்கப்புறம்தான். ‘ஒழுகற குழாயை மாத்தித் தர்றேன்’ என்று வாய்வார்த்தை சொன்ன தரகர், பணம் கைமாறிய பிறகு போனை எடுப்பதில்லை.

இன்னும் பத்துப் பன்னிரண்டு நாளில் ஆடி பிறந்துவிடும், யாரும் குடி போக மாட்டார்கள். வீடு காலியாகக் கிடக்கிறதே என்று வீட்டுக்காரர்கள் வாடகையில் ஆயிரம் இரண்டாயிரம் இறங்கி வரும் மாதம் அதுதான். ஆடியில் பேசி முடித்து, ஆவணி முதல் தேதிக்கு ஒப்பந்தம் போட்டு, அன்றைக்குப் பால் காய்ச்சிவிடலாம். நடுவில் ஆடி வாடகையையும் சேர்த்துக் கேட்டால் தராதே. பிடித்த வீட்டின் ஒப்பந்தம் வந்ததும் படம் எடுத்து எனக்கு அனுப்பு.

அன்புடன்,
விஜயா